எடையறிந்து உழுதல்

நுழையும்முன்

ஏரும் எருதும் உழுத வயல்களில் இன்று டிராக்டர் உழுகிறது. அதன் ஆற்றலைக் குதிரைத்திறனால் அளக்கிறோம். எனினும், எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும், சக்கரம் மண்ணைப் பற்றாவிட்டால் அப்பொறி ஓரடியும் முன்னேறாது. பற்றுதலைத் தருவது எடை. அந்த எடையே அளவு மிஞ்சினால் பொறியையும் மண்ணையும் கெடுக்கும். பழைய டிராக்டர்களுக்கு எடை சேர்ப்பதிலும் உறுப்புகளை மாற்றுவதிலும் உள்ள அறிவியலைக் காவிரிக்கரை வயல்களின் வழியாக இக்கட்டுரை விளக்குகிறது.

முன்பாரமும் பின்பாரமும்

எடையைக் கருவியாகப் பயன்படுத்தும் அறிவு டிராக்டரோடு வந்ததன்று. ஏர் ஓட்டும் உழவர் மேழியை அழுத்திப் பிடித்தால் கொழு ஆழமாக இறங்கும், தளர்த்தினால் மேலெழும். சேற்று வயலைச் சமன் செய்யும்போது, பரம்புப் பலகையின்மீது ஓர் ஆள் ஏறி நிற்பார். அவருடைய எடையே மேட்டை வழித்துப் பள்ளத்தை நிரப்பும். பலகை மண்ணில் புதைந்து மாடுகள் திணறினால், அவர் இறங்கிக்கொள்வார்.

மாட்டுவண்டியில் பாரம் ஏற்றுவோர் இன்னும் நுட்பமாக எடையை அறிந்திருந்தனர். வண்டியின் முன்பகுதியில் பாரம் மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். பின்பகுதியில் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கி, மாடுகளின் கழுத்துக்கயிறு இறுகும். ஆகவே, முன்பாரம், பின்பாரம் பார்த்து மூட்டைகளை அடுக்கினர். மிக மெல்லிய மயிற்பீலியேயானாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் கருத்தை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் எடுத்தாண்டார். உவமை எல்லார்க்கும் விளங்க வேண்டுமாயின், அச்சு முறிதல் மக்கள் அன்றாடம் கண்ட காட்சியாக இருந்திருத்தல் வேண்டும்.

எவ்வளவு எடை, எந்த இடத்தில், எந்த மண்ணில் என்னும் இம்மூன்று வினாக்களே டிராக்டருக்கும் உரியவை.

ஒரு மாவட்டம், இரு நிலங்கள்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது முக்கொம்பு. அங்கே காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்லும் கிளை கொள்ளிடம் என்றும், தெற்கே செல்லும் கிளை காவிரி என்றும் வழங்கப்படுகின்றன. இரண்டுக்கும் நடுவே திருவரங்கத் தீவு அமைந்துள்ளது. ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண்ணும் வாய்க்கால் நீரும் இப்பகுதியை நெல்லும் வாழையும் விளையும் நன்செய் ஆக்கின.

அதே மாவட்டத்தின் தென்மேற்கில் மணப்பாறை இருக்கிறது. மாட்டுச்சந்தைக்குப் பெயர்பெற்ற அவ்வூரைச் சுற்றிலும் மழையை நம்பிய புன்செய் நிலங்கள் பரந்து கிடக்கின்றன. அங்கு உழவு என்பது இறுகிய, உலர்ந்த மண்ணைக் கிளறும் புழுதி உழவு. முக்கொம்பைச் சூழ்ந்த வயல்களிலோ, நீரைக் கட்டி நிறுத்தி மண்ணைக் குழம்பாக்கும் சேற்றுழவு. முன்னதில் சக்கரம் கெட்டித் தரையின்மேல் வழுக்கும். பின்னதில் சக்கரம் சேற்றினுள் புதையும். ஒரே டிராக்டர் இரு நிலங்களுக்கும் வாடகைக்குச் செல்லும்போது, ஓரிடத்தில் உதவிய எடை மற்றோரிடத்தில் சுமையாகிறது. எனவே, ஓட்டுநர் நிலத்துக்குத் தக்கவாறு பொறியின் எடையை மாற்றியாக வேண்டும்.

பிடிமானம் எங்கிருந்து வருகிறது?

டிராக்டரின் இயந்திரம் பின்சக்கரங்களைச் சுழற்றுகிறது. சக்கரத்தின் மேலுள்ள தடித்த ரப்பர்ப் பட்டைகள் மண்ணைப் பின்னோக்கித் தள்ளுகின்றன. மண் அதற்கு எதிராகச் சக்கரத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இங்கு வயலில் செயற்படுவதைக் காண்கிறோம். சக்கரம் மண்ணை எவ்வளவு வலுவாக அழுத்துகிறதோ, உலர்ந்த நிலத்தில் அவ்வளவுக்குப் பிடிமானம் மிகும். இயந்திரம் தரும் விசை பிடிமானத்தை விஞ்சும்போது, சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலத் தொடங்குகிறது. இதனை நழுவல் என்கிறோம்.

நழுவல் முற்றிலும் இல்லாமல் உழவு நடைபெறாது. சக்கரத்தின் அடியில் மண் சற்றே நெகிழ்ந்துதான் எதிர்விசையைத் தரும். ஆனால், மிகை நழுவலால் டீசல் வீணாகும், டயர் தேயும், மேல்மண் கிழிபடும். பொதுவாக 8 முதல் 15 விழுக்காடு வரையிலான நழுவல் உழவுக்கு ஏற்றது என்பர். அதற்கு மேற்பட்டால் எடை போதவில்லை என்றும், அதற்குக் கீழ்ப்பட்டால் எடை தேவைக்கு மேல் உள்ளது என்றும் கொள்ளலாம்.

தெரிந்து தெளிவோம்

நழுவலை அளக்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு சுண்ணக்கட்டியும் இரண்டு குச்சிகளும் போதும். பின்சக்கரத்தில் ஒரு கோடு இடுக. கலப்பையை மண்ணில் இறக்கி உழும்போது, சக்கரம் 10 சுற்றுச் சுற்றும் தொலைவின் தொடக்கத்திலும் முடிவிலும் குச்சிகளை நடுக. பின்பு கலப்பையைத் தூக்கிக்கொண்டு அதே தொலைவை அதே கியரில் கடக்கையில் சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என எண்ணுக. 9 சுற்று எனில் நழுவல் 10 விழுக்காடு. எட்டரைச் சுற்று எனில் 15 விழுக்காடு. 8 சுற்று எனில் 20 விழுக்காடு.

எடை சேர்க்கும் வழிகள்

பின்சக்கரங்களுக்கு எடை சேர்க்க இருவழிகள் உள்ளன. முதலாவது, வார்ப்பிரும்பு வட்டுகளைச் சக்கரத்தின் தட்டில் போல்ட் கொண்டு முடுக்குதல். உழவர்கள் இவற்றை வீல் வெயிட் என்பர். வார்ப்பிரும்பு நீரைப்போல் ஏழு மடங்கு அடர்த்தி உடையது. ஆதலால் சிறிய இடத்தில் மிகுந்த எடையைத் தரும். வேண்டாதபோது கழற்றி வைக்கலாம்.

இரண்டாவது, டயரின் உள்ளே நீர் நிரப்புதல். டயரின் வால்வு உச்சியில் இருக்குமாறு சக்கரத்தை நிறுத்தி, வால்வின் மட்டம் வரை நீரை நிரப்பினால், டயரின் உட்பகுதியில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீரால் நிறையும். எஞ்சிய காற்பங்கில் காற்று இருக்கும். அக்காற்றே அதிர்வைத் தாங்கும். டயர் முழுவதும் நீரை நிரப்பினால் அது கல்லைப்போல் விறைத்து அதிரும். கடுங்குளிர் நாடுகளில் நீர் உறையாமலிருக்கக் கால்சியம் குளோரைடு உப்பைக் கலப்பர். நம் நாட்டுச் சமவெளிகளுக்கு அது தேவையில்லை. நீர் செலவின்றிக் கிடைக்கும். ஆனால், விரைவில் கழற்ற இயலாது. இன்று புழுதியிலும் நாளை சேற்றிலும் உழும் டிராக்டருக்கு இவ்வழி பொருந்தாது.

இவ்விரு வழிகளிலும் பொதுவான ஒரு நன்மை உண்டு. சக்கரத்திலேயே சேர்க்கப்படும் எடை, நேராக மண்ணில் இறங்குகிறது. பின்னச்சின் பேரிங்குகள் அதனைச் சுமப்பதில்லை. டிராக்டரின் உடற்பகுதியில் கல்லையோ மணல்மூட்டையையோ ஏற்றினால், அப்பாரம் முழுவதும் அச்சின் வழியாகவே சக்கரத்தை அடையும். தேய்ந்த பேரிங்குகள் மேலும் தேயும்.

முன்சக்கரங்களை மறந்து பின்சக்கரங்களுக்கு மட்டும் எடை சேர்த்தல் கூடாது. முன்சக்கரம் மண்ணைத் தொட்டு அழுத்தினால்தான் டிராக்டர் திரும்பும். இரு சக்கர இயக்கம் உள்ள டிராக்டரில் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கேனும் முன்னச்சின்மேல் இருத்தல் வேண்டும். ஆகவேதான், டிராக்டரின் மூக்குப் பகுதியில் இரும்புத் துண்டுகளை வரிசையாகத் தொங்கவிடுகின்றனர்.

தெரிந்து தெளிவோம்

1,800 கிலோ எடையுள்ள ஒரு டிராக்டரைக் கற்பனை செய்க. முன்னச்சின்மேல் 600 கிலோவும், பின்னச்சின்மேல் 1,200 கிலோவும் உள்ளன. இரு அச்சுகளுக்கும் இடைவெளி 180 செ.மீ. பின்னச்சுக்கு 120 செ.மீ. பின்னால் 300 கிலோ கருவியைத் தூக்கினால், பின்னச்சு நெம்புமையமாகிறது. முன்னச்சு இழக்கும் எடை 300 × 120 ÷ 180 = 200 கிலோ. முன்னே எஞ்சுவது 400 கிலோ. மொத்த எடையான 2,100 கிலோவில் இது 19 விழுக்காடு மட்டுமே. இனி, முன்னச்சுக்கு 60 செ.மீ. முன்னால் 60 கிலோ இரும்பைத் தொங்கவிடுக. முன்னச்சு பெறும் எடை 60 × 240 ÷ 180 = 80 கிலோ. இப்போது முன்னே 480 கிலோ. மொத்த எடையான 2,160 கிலோவில் இது 22 விழுக்காடு. 60 கிலோ இரும்பு 80 கிலோவின் பணியைச் செய்கிறது. நீர் இறைக்கும் ஏற்றத்தின் தத்துவமும் இதுவே.

இரும்புக்கு மாற்றாக ஓர் எண்ணம்

தொடக்கக் காலத்து டிராக்டர்கள் பெரும்பாலும் தங்கள் உடலின் எடையையே பிடிமானத்துக்கு நம்பின. எடை கூடக்கூட மண் இறுகியது. அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன் முதல் உலகப்போர்க் காலமான 1917இல், அந்நாட்டு டிராக்டர்களின் பணியைச் சீர்செய்யும் பொறுப்பை ஏற்று ஊர்கள்தோறும் சென்றார். எடை மிகுந்த டிராக்டரையும், அதன் பின்னே வண்டிபோல் இழுபடும் கலப்பையையும் கண்ட அவர், அவ்விரண்டையும் ஒரே பொறியாக இணைக்க முற்பட்டார்.

அவர் வகுத்த மும்முனை இணைப்பில், கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று கைகள் கலப்பையைப் பிடித்துக்கொள்கின்றன. மண் இறுகிக் கலப்பையை எதிர்க்கும்போது, மேற்கை அந்த எதிர்ப்பை உணர்ந்து, ஹைட்ராலிக் அமைப்பின் வழியாகக் கலப்பையைச் சற்றே தூக்குகிறது. அப்போது கலப்பையின் எடையும் அதன்மேல் மண் தரும் அழுத்தமும் பின்சக்கரங்களுக்கு மாறுகின்றன. பிடிமானம் மிகுதியாகத் தேவைப்படும் நொடியில் எடை தானே வந்து சேர்கிறது. தேவை தீர்ந்ததும் விலகுகிறது. இதற்கான காப்புரிமையை 1926இல் பெர்குசன் பெற்றார். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் உருவான அவருடைய டிஇ20 டிராக்டர் ஏறத்தாழ 1,100 கிலோ எடை மட்டுமே உடையது. 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட டிஇ20 டிராக்டர்கள் உருவாக்கப்பட்டன.

பெர்குசனின் நிறுவனம் 1953இல் கனடாவின் மாசி ஹாரிஸ் நிறுவனத்துடன் இணைந்தது. இணைந்த நிறுவனம் பின்னர் மாசி பெர்குசன் எனப் பெயர் பெற்றது. அதன் கூட்டுறவுடன் 1960இல் சென்னையில் டஃபே நிறுவனம் தொடங்கப்பட்டது. அயர்லாந்து வயலில் தோன்றிய எண்ணம், செம்பியத் தொழிற்சாலையின் வழியாகக் காவிரிக்கரையை அடைந்தது. இந்த டிராக்டர்கள் சிலவற்றுக்கு இயந்திரம் அளித்த சிம்சன் நிறுவனமோ, 1840இல் சென்னையில் வண்டி செய்யும் தொழிலில் தொடங்கியது. ஈச்சர், மகிந்திரா, எஸ்கார்ட்ஸ், எச்.எம்.டி., சுவராஜ் எனப் பிற இந்திய டிராக்டர்களும் அடுத்தடுத்து வயலுக்கு வந்தன. அவற்றுள் எச்.எம்.டி. போன்றவற்றின் உற்பத்தி நின்றுவிட்டது. எனினும், வயலில் அவற்றின் உழைப்பு நிற்கவில்லை.

உறுப்பு மாற்றுதலும் பொருத்தமும்

நாற்பது, ஐம்பது ஆண்டு உழைத்த டிராக்டரில் தொடக்கத்தில் இருந்த உறுப்புகளே எல்லாம் இருப்பதில்லை. கிளட்ச் தட்டு, பேரிங், பிஸ்டன், லைனர், டயர் என ஒவ்வொன்றாக மாறியிருக்கும். புதிய டிராக்டர் வாங்க இயலாத சிறு உழவர்க்கு உறுப்பு மாற்றுதலே வாழ்வு தரும் வழி. உரிய உறுப்புச் சந்தையில் கிடைக்காதபோது, கைவிடப்பட்ட வேறொரு டிராக்டரிலிருந்து கழற்றிப் பொருத்துவதும் உண்டு. அவ்வாறு பொருத்துவதற்குச் சில நெறிகள் உள்ளன.

முதல் நெறி, பொதுஅளவு எது, தனிஅளவு எது எனப் பிரித்தறிதல். மும்முனை இணைப்பின் முதல்வகை முளைகள் கீழ்க்கைகளுக்கு 22 மி.மீ., மேற்கைக்கு 19 மி.மீ. என உலகெங்கும் வரையறுக்கப்பட்டுள்ளன. கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டும் ஆறு வரிப்பள்ளங்களுடன், நிமிடத்துக்கு 540 சுற்று என்னும் பொதுஅளவில் அமைந்துள்ளது. ஆதலால், ஒரு நிறுவனத்தின் கலப்பை மற்றொரு நிறுவனத்தின் டிராக்டரில் பொருந்துகிறது. கியர் பெட்டியின் உள்ளுறுப்புகளுக்கு இவ்வுரிமை இல்லை.

இரண்டாம் நெறி, இணையாகத் தேய்ந்தவற்றை இணையாகவே மாற்றுதல். பின்னச்சைச் சுழற்றும் இணைப் பற்சக்கரங்களைப் பட்டறைகளில் கிரவுன், பினியன் என்பர். இவை ஒன்றையொன்று தேய்த்துத் தேய்த்தே தமக்குள் பொருத்தம் பெற்றவை. ஒன்றை மட்டும் மாற்றினால், புதிய பல் பழைய பல்லைத் தின்றுவிடும். பின்டயர்களுக்கும் இந்நெறி பொருந்தும். 12.4–28 என்னும் எண்ணில் 12.4 டயரின் அகலத்தையும், 28 சக்கர வளையத்தின் விட்டத்தையும் அங்குலக் கணக்கில் குறிக்கின்றன. இடப்பக்கம் 12.4–28, வலப்பக்கம் 13.6–28 எனப் பொருத்தினால் இரண்டின் உயரமும் வேறுபடும். நேரே செல்லும்போதும் உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் ஓயாமல் சுழன்று தேயும்.

மூன்றாம் நெறி, மரையின் அளவறிதல். ஆங்கிலேய, அமெரிக்க மரபில் வந்த பழைய டிராக்டர்களில் அங்குல அளவு மரைகள் இருக்கும். செக்கோஸ்லோவாக்கியாவின் ஜெட்டர் மரபில் வந்த எச்.எம்.டி. டிராக்டர்களில் மில்லிமீட்டர் அளவு மரைகள் இருக்கும். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. அதற்குரிய துளையில் 12 மி.மீ. போல்ட் எளிதாக நுழைந்துவிடும்; இறுகியதுபோலவும் தோன்றும். 0.7 மி.மீ. வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஆனால், அந்த போல்ட் தாங்குவது சுழலும் சக்கரத்தின் இரும்பு வட்டை எனில், ஓரிரு நாள் உழவில் அது தளர்ந்து கழலும். எடை வட்டுகளின் போல்ட்டுகளை முதல் நாள் உழவுக்குப் பின் மீண்டும் ஒருமுறை முடுக்க வேண்டும் என்பது இதனால்தான்.

நான்காம் நெறியே எல்லாவற்றிலும் முதன்மையானது: ஓர் உறுப்பின் வலிமையைக் கூட்டுமுன், அதனை அடுத்துள்ள உறுப்பின் வலிமையை எண்ணுதல். பழைய டிராக்டரில் திறன்மிக்க வேறோர் இயந்திரத்தைப் பொருத்துகின்றனர் எனக் கொள்வோம். சக்கரம் நழுவுகிறது. நழுவலைப் போக்க இரும்பு வட்டுகளைச் சேர்க்கின்றனர். நழுவல் நின்றுவிடுகிறது, கூடவே அதுவரை பொறியைக் காத்த காவலும் போய்விடுகிறது. வீட்டு மின்சுற்றில் மிகை மின்னோட்டம் பாய்கையில் உருகி தான் உருகிப் பிற கருவிகளைக் காப்பதுபோல, மிகைவிசை வரும்போது சக்கரம் நழுவிக் கியர்களைக் காத்துவந்தது. இனி அவ்விசை முழுவதும் பழைய பற்சக்கரங்களின்மேல் விழும். வலிமை குன்றிய உறுப்பு எதுவோ, அங்கே பொறி முறியும். மேலும், இயந்திரத்தை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவு அலுவலரின் ஒப்புதல் பெறுதல் வேண்டும்.

சேற்றில் எடை சுமையாகும்

புழுதி உழவில் எடை நண்பன் எனில், சேற்றுழவில் அதுவே பகையாகலாம். நீர் நிறைந்த மண்ணில் துகள்கள் எளிதில் நழுவி நெருங்குகின்றன. அங்கே சக்கரத்தை மேலும் அழுத்தினால் பிடிமானம் பெருகாது, சக்கரமே புதையும்.

நெல்வயலின் சேற்றுக்கு அடியில், ஏறத்தாழ ஒரு சாண் ஆழத்தில், ஆண்டுக்கணக்கான சேற்றுழவால் இறுகிய ஒரு தளம் உண்டு. கட்டிய நீர் கீழே இறங்காமல் காப்பது அத்தளமே. சேற்றில் செல்லும் டிராக்டரின் சக்கரம் உண்மையில் அத்தளத்தின்மேல்தான் நிற்கிறது. எடை மிகுந்த டிராக்டர் அதனை உடைத்துக்கொண்டு இறங்கினால், பொறி சிக்கிக்கொள்வதோடு அவ்விடத்தில் நீரும் நில்லாது. மாறாக, தளம் மேலும் தடித்து இறுகினால், நெல்லுக்குப் பின் விதைக்கும் உளுந்து, பயறு முதலியவற்றின் வேர் ஆழ இறங்காது. வறண்ட காலத்தில் உளிக்கலப்பை கொண்டு ஆழத்தில் இறுகிய மண்ணை உடைக்கும் முறை புன்செய்க்கு உரியது. நீர் கட்டும் நெல்வயலில் அதனை எண்ணிச் செய்தல் வேண்டும்.

சேற்றுக்கு உழவர்கள் கண்ட தீர்வு கேஜ் வீல் எனப்படும் கூண்டுச் சக்கரம். இரும்பு வளையங்களைக் குறுக்குப் பட்டைகளால் இணைத்த இச்சக்கரத்தைப் பின்டயரின் பக்கத்தில் பொருத்துகின்றனர். அகன்ற பரப்பு எடையைப் பரப்பிப் புதையாமல் தாங்குகிறது, குறுக்குப் பட்டைகள் துடுப்பைப்போல் சேற்றைத் தள்ளுகின்றன, மண்ணும் குழம்புகிறது. எடையைக் கூட்டாமல் பிடிமானத்தைக் கூட்டும் வழி இது. புழுதி உழவில் பூட்டிய இரும்பு வட்டுகளைக் கழற்றிவிட்டே கூண்டுச் சக்கரத்தைப் பூட்டுதல் நன்று. அதனுடன் தார்ச்சாலையில் செல்லுதல் கூடாது. இரும்புப் பட்டைகள் சாலையைச் சிதைக்கும்.

ஆண்டுதோறும் ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணையைத் திறப்பது மரபு. நீர் முக்கொம்பைக் கடந்து வாய்க்கால்களில் பாயும்போது எல்லா வயல்களும் ஒரே காலத்தில் உழவை எதிர்நோக்கும். அவசரத்தில் எடையைக் கழற்றாமலேயே வயலில் இறங்கும் டிராக்டர் சேற்றில் சிக்குகிறது. அடுத்து நிகழ்வதுதான் பேரிடர்.

ஒன்றரை நொடி

சேற்றில் சிக்கிய டிராக்டரை மீட்கச் சிலர் பின்சக்கரங்களின் குறுக்கே மரக்கட்டையைச் சங்கிலியால் பிணைப்பர். கட்டை மண்ணில் ஊன்றிச் சக்கரம் ஏறிவரும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால், சக்கரம் முற்றிலும் பிடிபட்டுச் சுழல இயலாதபோது, இயந்திரத்தின் விசை டிராக்டரின் உடலையே பின்னச்சைச் சுற்றிச் சுழற்றுகிறது. முன்பகுதி மேலெழுந்து, ஒன்றரை நொடியளவில் பொறி பின்னோக்கிக் கவிழ்ந்துவிடும். ஓட்டுநர் கிளட்ச்சை மிதிப்பதற்கும் அந்நேரம் போதாது. இழுவைச் சங்கிலியைப் பின்னச்சுக்கு மேலான உயரத்தில் கட்டி இழுப்பதாலும் இதே விபத்து நேரும். பாரத்தை எப்போதும் தாழ்வான இழுவைக் கம்பியிலேயே பூட்ட வேண்டும்.

முன்பகுதியில் தொங்கும் இரும்புத் துண்டுகள் டிராக்டர் திரும்புவதற்கு மட்டும் உதவுவன அல்ல. அவை ஓட்டுநரின் உயிர்க்காவலும் ஆகும். எனினும், எந்த எடையும் மரக்கட்டை கட்டும் பிழையை ஈடுசெய்யாது. சிக்கிய டிராக்டரைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தல், இயலாவிடில் மற்றொரு டிராக்டர் கொண்டு தாழ்வாகக் கட்டி மெல்ல இழுத்தல் ஆகியனவே தக்க முறைகள். இரும்பு வட்டுகளைக் கழற்றும்போதும் கருத்து வேண்டும். பல கிலோ எடையுள்ள வட்டு காலில் விழுந்தால் எலும்பு நொறுங்கும். ஆகவே, தனியாளாய் அப்பணியைச் செய்தல் கூடாது.

மண்ணும் ஓர் உறுப்பே

முக்கொம்பில் நின்று பார்ப்பவர்க்கு எடையின் பாடத்தை ஆறே நடத்துகிறது. அங்குள்ள மேலணையை 1836இல் ஆர்தர் காட்டன் கட்டினார். மணற்பாங்கான ஆற்றில் அடித்தளம் இடும் கலையை அவர் கிழக்கேயுள்ள கல்லணையிடம் கற்றார். பெருங்கற்களை மணலின்மேல் வைத்தால், அவை தம் எடையால் மெல்ல அமிழ்ந்து, மேலும் அமிழ இயலாத நிலையில் உறுதிபெறும் என்பதைப் பழந்தமிழர் அறிந்திருந்தனர். ஈரமண்ணில் எடை புதையும் என்னும் இயல்பையே அவர்கள் அடித்தளமாக்கினர். அணைக்கு உறுதி தந்த அதே இயல்பு, டிராக்டருக்கு இடையூறு ஆகிறது. எடை ஒன்றே; பயன் இடத்துக்கு இடம் வேறு.

2018 ஆகஸ்டு 22ஆம் நாள் இரவு, அம்மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் வெள்ளத்தில் இடிந்து விழுந்தன. பாறைகளையும் மணல்மூட்டைகளையும் இட்டு உடைப்பை அடைத்தனர். பின்னர் அருகிலேயே புதிய கதவணை எழுந்தது. பழையனவற்றைப் பேணுவோர் அனைவரும் நினைவிற்கொள்ள வேண்டிய நிகழ்ச்சி இது. நெடுங்காலம் உழைத்தது இன்னும் உழைக்கும் என்பது உறுதியன்று. உறுப்புகளின் நிலையை அவ்வப்போது ஆராய்ந்தறிதல் வேண்டும்.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் குமுளூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் பொறியியல் கல்லூரி இயங்குகிறது. பொறிக்கும் மண்ணுக்கும் உள்ள உறவை மேலும் கற்க விழையும் மாணவர்க்கு இத்துறை காத்திருக்கிறது. அங்கே கற்கும் பாடத்தின் முதல் வரி, பட்டறையில் பணிபுரிவோரும் வயலில் உழுவோரும் ஏற்கெனவே அறிந்த ஒன்றுதான். இயந்திரம், கியர், அச்சு, சக்கரம் ஆகியவற்றோடு டிராக்டர் முடிந்துவிடுவதில்லை. சக்கரத்தின் அடியிலுள்ள மண்ணும் அதன் ஓர் உறுப்பே. ஏனைய உறுப்புகள் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். மாற்றுறுப்பு இல்லாதது மண் ஒன்றே. ஆகவே, அது தாங்கும் அளவறிந்து எடையேற்றுதல் உழவின் அறமாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் பயன்பாட்டிலுள்ள பழைய டிராக்டர் ஒன்றின் உரிமையாளரிடம் உரையாடி, அதில் மாற்றப்பட்ட உறுப்புகளையும் மாற்றியதற்கான காரணங்களையும் பட்டியலிடுக.

2. உழவுத் தொழிலில் எடையோடு தொடர்புடைய வட்டாரச் சொற்களைத் திரட்டிப் பொருள் எழுதுக.

3. ‘வலிமையைக் கூட்டுவதினும் பொருத்தத்தைப் பேணுவதே சிறந்தது’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.